லாவெண்டர் தொட்டியில் இருக்கட்டும், வயலுக்கு வேண்டாம்



மேட்டுப்பாளையம் என்றாலே பலருக்கும் ஊட்டி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நாற்றுப்பண்ணை ஏஜென்ட் ஒருத்தர் போனில் என்னிடம், "மேட்டுப்பாளையமா சார்? அப்போ உங்க ஊரு கிளைமேட்டுக்கு லாவெண்டர் பிரமாதமா வரும்" என்று ஒரே போடாகப் போட்டார். நான் இருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற ஊர். மலையும் இல்லை, பனியும் இல்லை. அதைச் சொன்ன பிறகும் அவர் அசரவில்லை. "அதனால என்ன சார்? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஊரு, லாவெண்டரும் பிரெஞ்சுச் செடிதானே!" என்றார்.

சாதாரணமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ஏஜென்டிடம் என் மச்சினன் அதற்குள் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டிருந்தான். பாகூர் பக்கம் அவனுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. அதில் முழுக்க லாவெண்டர் போடப் போகிறேன் என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாவெண்டர் நல்ல செடி. ஆசைக்கு நாலு தொட்டியில் வையுங்கள், எப்படி வைப்பது என்றும் சொல்கிறேன். ஆனால் நம் கடலோர, சமவெளி நிலத்தில் அதைப் பயிராக நினைத்துக் காசு போடாதீர்கள். நம் மண்ணுக்கு வாசனைப் பயிர் வேண்டுமானால் அது நம் வேலியோரத்திலேயே இருக்கிறது.

நான் கெடுத்த செடிகள்

எங்கள் ஊரில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. என் அக்கா மகள் அங்கேதான் இருக்கிறாள். வரும்போதெல்லாம் சின்னச் சின்னத் துணிப் பைகளில் காய்ந்த லாவெண்டர் பூ கொண்டுவருவாள். என் வீட்டம்மா அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைப்பார். பீரோவைத் திறந்தால் ஒரு வாசம் வரும் பாருங்கள், அதில் மயங்கித்தான் 2021-ல் விதை கேட்டு வாங்கினேன்.

முதல் தடவை வைகாசி மாதத்தில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது மலைக்குளிரில் பழகிய விதை. பனிக்காலம் முடிந்தது என்று அதற்குத் தெரிந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அடுத்த தடவை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஒரு மாதம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். கார்த்திகைக் கடைசியில் விதைத்ததில் ஒன்பது முளைத்தது. முளைக்கவே மூன்று வாரம் ஆயிற்று.

அந்த ஒன்பதையும் நான்தான் கொன்றேன். நாமெல்லாம் இயற்கை விவசாயம் பழகியவர்கள் இல்லையா? மண்புழு உரம், பஞ்சகவ்யா, அமிர்தக்கரைசல், மேலே காய்ந்த இலை மூடாக்கு என்று குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினேன். ஒரு மாதம் தளதளவென்று வந்தது. பிறகு அடியிலை பழுத்தது, தண்டு கறுத்தது, பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று அழுகியிருந்தது. லாவெண்டர் ஏழை மண்ணில் வளரும் செடி. சுண்ணாம்புக் கல் கலந்த, தண்ணீர் நிற்காத மலைச் சரிவுதான் அதன் சொந்த ஊர். அங்கே கோடை வறண்டிருக்கும், குளிர்காலம் கடுமையாக இருக்கும். நமக்கு வெயிலும் புழுக்கமும் ஒன்றாக வரும், மழையும் சேறும் ஒன்றாக வரும். வேர் அழுகல் பூஞ்சைக்கு இதைவிட விருந்து வேண்டுமா?

மூன்றாவது தடவை புத்தி வந்தது. மணலை அதிகமாக்கி, எருவைக் குறைத்து, நாலு செடி காப்பாற்றினேன். ஆனால் பூக்கவில்லை. குளிர் போதாது. பிறகு நர்சரியில் பல் பல்லான இலையுள்ள வேறொரு வகை கிடைத்தது. அது வெப்பத்தைக் கொஞ்சம் தாங்கும். அது பூத்தது. வாசம் பீரோ வாசம் மாதிரி இல்லை, கொஞ்சம் கற்பூர நெடி. ஆனாலும் ஊதாக் கதிர் வந்த அன்று தெருவே வந்து பார்த்தது.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று ஆட்டை, மாட்டை, மனுஷனைப் பார்க்கவே நேரமில்லை, தொட்டியை யார் பார்ப்பது? தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் பார்த்தேன். ஏழு தொட்டியில் ஆறு போயிற்று. திண்ணை ஓரத்தில் கூரைக்கு அடியில் இருந்த ஒன்று பிழைத்தது. இன்றைக்கும் அது ஒன்றுதான் மிச்சம்.

வைப்பதானால் இப்படி வையுங்கள்

என் தப்பு உங்களுக்குப் பயன்படட்டும்.

நுனி மெலிந்த சாம்பல் இலையுள்ள உயர்ரக லாவெண்டரை நம் ஊரில் தேட வேண்டாம். பல் இலை வகை அல்லது பெரணி மாதிரி பிரிந்த இலையுள்ள வகை கேளுங்கள். விதையைவிடக் கன்று நல்லது. வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஊதாப் பூ வருகிற எதையாவது லாவெண்டர் என்று தலையில் கட்டிவிடுவதும் நடக்கிறது. எனக்கே ஒரு தடவை நடந்தது.

மண் தொட்டிதான் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். அடியில் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். பாதி ஆற்று மணலும் உடைத்த செங்கல் சல்லியும், கால் பங்கு செம்மண், கால் பங்கு மக்கிய எரு. நம் செம்மண் பெரும்பாலும் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. தொட்டிக்கு ஒரு ஸ்பூன் சுண்ணாம்புத் தூளோ, இடித்த முட்டை ஓடோ கலந்துவிடுங்கள். குறும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் மாதிரியான இடத்தில் மண்ணைக் காட்டிக் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

மூடாக்கு போடாதீர்கள். இதை நம் பத்திரிகையில் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தச் செடியின் கழுத்தில் ஈரம் தங்கக் கூடாது. வேண்டுமானால் வெள்ளைக் கூழாங்கல் பரப்புங்கள். பஞ்சகவ்யா தெளிக்க வேண்டாம், ஒரு கை எரு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

நடுவதற்கு நல்ல காலம் மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கு அடியில் இழுத்து வைத்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். பூ முடிந்ததும் பச்சைத் தண்டு வரைக்கும் வெட்டிவிடுங்கள், கட்டைத் தண்டில் கை வைத்தால் மறுபடி துளிர்க்காது. தை மாதத்தில் நாலு அங்குலக் குச்சி கிள்ளி மணலில் குத்தி வைத்தால் வேர் பிடிக்கும். தாய்ச் செடி மழையில் போனாலும் பிள்ளை இருக்கும்.

இவ்வளவும் செய்தால் நாலு மாதமோ, ஒரு வருஷமோ உங்களோடு இருக்கும். வந்த விருந்தாளி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தேனீ வரும், மனசு நிறையும். அதுவே லாபம்.

ஒன்று மட்டும் நம்பாதீர்கள். செடி வைத்தாலே கொசு ஓடிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். லாவெண்டரோ நொச்சியோ, சும்மா நிற்கிற செடி கொசுவை விரட்டாது. எண்ணெய் இலைக்குள்ளே இருக்கிறது. கசக்கினால், புகை போட்டால், காய்ச்சி எடுத்தால்தான் வெளியே வரும்.

பதர்வா எப்படி ஜெயித்தது?

மச்சினன் என்னிடம் காட்டிய வீடியோவெல்லாம் ஜம்மு-காஷ்மீரில் தோடா மாவட்டத்து பதர்வா பக்கம் எடுத்தது. மலைச் சரிவு முழுக்க ஊதா நிறம். "மாமா, சோளம் போட்டவங்க எல்லாம் இதுக்கு மாறிட்டாங்க. எண்ணெய் லிட்டர் பத்தாயிரம் ரூபா" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. 'ஊதாப் புரட்சி' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2022-ல் பதர்வாவில் லாவெண்டர் திருவிழா நடந்தது. 2024 குடியரசு தின அணிவகுப்பில் அதற்கு ஓர் அலங்கார ஊர்தியே வந்தது.

ஆனால் வீடியோவில் தெரியாதது நாலு இருக்கிறது.

ஒன்று, உயரம். பதர்வா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர். பனி விழுகிற ஊர். பிரான்சிலேயே எல்லா இடத்திலும் நல்ல லாவெண்டர் வராது. அங்கே 'ஓத் புரோவான்ஸ் லாவெண்டர் எண்ணெய்' என்று பெயர் முத்திரை போட வேண்டுமானால் 800 மீட்டருக்கு மேல் விளைந்திருக்க வேண்டும். கீழே உள்ள சமநிலத்தில் போடுவது பெரும்பாலும் லாவண்டின் என்கிற கலப்பினம். எண்ணெய் அதிகம் இறங்கும், விலை குறைவு.

இரண்டு, ஆராய்ச்சி. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குளிர் மலைக்கென்று ரகம் தேர்ந்து கொடுத்தது. 2016-ல் அரோமா மிஷன் வருவதற்கு முன்பே பல வருஷ வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது.

மூன்று, கன்று. ஆரம்பத்தில் உழவர்களுக்கு நாற்று இலவசமாகவே போயிற்று. கன்றுக்கு அறுபது ரூபாய் என்று யாரும் வாங்கவில்லை.

நாலு, வடிகலன். பூவை அறுத்த சூட்டோடு ஆவியில் வடிக்க வேண்டும். வயலுக்குப் பக்கத்திலேயே வடிகலன் அமைத்துக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்களோடும் பேசிச் சேர்த்துவைத்தார்கள்.

இடம், ஆராய்ச்சி, நாற்று, வடிகலன், சந்தை. இந்த ஐந்தும் சேர்ந்து ஜெயித்த கதை அது. நம்மிடம் ஏஜென்ட் விற்பது அதில் ஒன்றை மட்டும், அதுவும் காசுக்கு. மீதி நாலும் வீடியோவில்தான் இருக்கிறது.

விலையும் நிலையானது இல்லை. உலகத்தில் லாவெண்டர் எண்ணெய் உற்பத்தியில் பல்கேரியா பிரான்சையே முந்திவிட்டது. எல்லோரும் நட்டதில் சரக்கு கூடி, அங்கேயே உழவர்கள் விலை இல்லாமல் தவித்தார்கள். ஊறிப்போன நாட்டுக்கே அந்த நிலைமை.

என் கையெழுத்து

இதில் இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நான் இதே தப்பை மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தவன்.

2003-ல் மேற்கு மாவட்டத்தில் ஒரு கிளையில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வெனிலா காய்ச்சல். பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது. காரணம் நம் திறமை இல்லை. உலகத்துக்கே வெனிலா கொடுத்த மடகாஸ்கரில் 2000-ல் புயல் அடித்துத் தோட்டங்கள் அழிந்தன, பிறகு அங்கே அரசியல் குழப்பம். சரக்கு இல்லாததால் ஏறிய விலை அது. பாக்குத் தோப்பு வைத்திருந்த ஓர் உழவர் கடன் கேட்டு வந்தார். நல்ல மனுஷர், ஒரு தவணை தவறியதில்லை. திட்ட அறிக்கையில் விலைக்கு நேரே அன்றைய சந்தை விலையைப் போட்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கும் அதே விலை. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்தில் இலக்கு கேட்டார்கள், எனக்கும் அந்த விலையில் ஒரு மயக்கம்.

மடகாஸ்கரில் கொடிகள் மறுபடி காய்த்தன. கம்பெனிகள் அதற்குள் செயற்கை வெனிலினுக்குப் போய்விட்டன. நம் ஊரில் கொடி காய்க்கத் தொடங்கிய நேரம் கிலோ நூறு ரூபாய்க்குக் கீழே போயிற்று. அவர் இரண்டு கறவை மாட்டை விற்றுத் தவணை கட்டினார். பேங்க் கணக்கில் அது 'முறையாக முடிந்த கடன்'. என் கணக்கில் இன்றுவரை முடியவில்லை.

அதற்கப்புறம் காட்டாமணக்கு பார்த்தேன், ஈமு கோழி பார்த்தேன். பெயர்தான் மாறுகிறது. "குறைந்த பராமரிப்பு, நிச்சய கொள்முதல், இடம் சில பேருக்கு மட்டும்" என்கிற வசனம் மாறுவதே இல்லை.

ஒப்பந்தத்தை வாசியுங்கள்

மச்சினன் கொண்டுவந்த ஒப்பந்தத்தை வாங்கி, பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஏக்கருக்குப் பத்தாயிரம் கன்று, கன்று அறுபது ரூபாய், ஆக மொத்தம் ஆறு லட்சம். பணி ஓய்வில் வந்த பணத்தில் பாதி அது.

'கொள்முதல் உறுதி' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் பொடி எழுத்தில், 'கம்பெனி நிர்ணயிக்கும் தரத்துக்கு உட்பட்டு' என்று இருந்தது. தரம் என்ன என்று எங்கேயும் இல்லை. விலை எவ்வளவு என்று இல்லை. 'அன்றைய சந்தை விலை' என்றுதான் இருந்தது. எந்தச் சந்தை? கன்று செத்தால் பொறுப்பு உழவர் தலையில், 'பராமரிப்புக் குறைவு' என்று ஒரே வரி. வழக்கு போடுவதானால் வேறு மாநிலத்து நகரத்தில் போட வேண்டும். வடிகலன் என்கிற வார்த்தையே அந்த ஆறு பக்கத்தில் இல்லை. பூவை அறுத்து என்ன செய்வது, மாலை கட்டுவதா?

இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம். "மாமா, நீங்க பேங்க்ல இருந்ததால எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க. ரிஸ்க் எடுக்காம யாரு முன்னுக்கு வந்திருக்காங்க?" என்று எழுந்து போய்விட்டான். இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. என் வீட்டம்மாவுக்கு அது பெரிய வருத்தம். கடைசியில் அவன் மேற்கொண்டு பணம் கட்டவில்லை. கட்டிய ஐம்பதாயிரம் திரும்பியும் வரவில்லை.

ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விவசாயமே ரிஸ்க்தான். புதுப் பயிர் என்று யார் வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். நம் மண்ணில், நம் மழையில், மூன்று வருஷம் தாண்டிய செடியைப் பக்கத்து ஊரில் காட்ட முடியுமா? அறுத்ததைப் பக்குவப்படுத்தும் வசதி எத்தனை கிலோமீட்டரில்? உங்களைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்? இன்றைய விலையில் பாதி போனால் தவணை கட்ட முடியுமா? நீங்கள் கன்று விற்றுச் சம்பாதிக்கிறீர்களா, எண்ணெய் விற்றா? கடைசிக் கேள்விக்குப் பதில் கன்று என்றால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சோதித்துப் பார்க்காமல் வயலுக்குப் போகக் கூடாது என்பது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1826-லேயே புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா வைத்தார்கள். வெளியூர்ச் செடியை அங்கே வைத்துப் பார்த்தார்கள். நமக்கும் பத்துத் தொட்டி, இரண்டு மழைக்காலம் போதும்.

பிரெஞ்சுக்காரன் வாயில் நம் வார்த்தை

சரி, வேண்டாம் என்று சொன்னால் போதுமா, வேறு என்ன என்று கேட்பீர்கள்.

லாவெண்டர் என்கிற வார்த்தை அங்கேயிருந்து நமக்கு வந்தது. ஆனால் நம்மிடமிருந்து அங்கே போன வார்த்தை ஒன்று உண்டு. பிரெஞ்சில் 'வெத்திவேர்' என்பார்கள். நம் வெட்டிவேர்தான் அது. உலகத்தின் விலை உயர்ந்த பல வாசனைத் திரவியங்களில் அடி வாசமாக நிற்பது இந்த வேர் எண்ணெய். ரெயூனியோன் என்கிற பிரெஞ்சுத் தீவின் வெட்டிவேர் எண்ணெய்க்கு 'பூர்போன்' என்று தனிப் பெயரே உண்டு. நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற தீவு அது. அக்கா மகள் பீரோவுக்கு லாவெண்டர் கொண்டுவருகிறாள். அவள் திரும்பிப் போகும்போது நான் இரண்டு கட்டு வெட்டிவேர் கொடுத்து அனுப்புகிறேன். எது யாருக்கு அதிசயம் என்பது இருக்கிற இடத்தைப் பொறுத்தது.

நமக்குத் தெற்கே கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் வெட்டிவேர் பயிராகவே இருக்கிறது. வெள்ளத்தில் நாலு நாள் நின்றாலும் சாகாது, வறட்சியிலும் சாகாது. ஒரு வருஷம் சுமாருக்கு வேர் எடுக்கலாம். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் தரணி, கேசரி, குலாபி என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. லாவெண்டரைத் தூக்கிவிட்ட அதே அரோமா மிஷன் பட்டியலில் வெட்டிவேரும் எலுமிச்சைப் புல்லும் இருக்கின்றன.

இதையும் தங்கச் சுரங்கம் என்று நான் விற்கப் போவதில்லை. மணல் நிலம் வேண்டும். என் மேட்டுப்பாளையம் கெட்டிச் செம்மண்ணில் போட்டால் வேரைத் தோண்டி எடுக்கும் கூலியிலேயே லாபம் போய்விடும். எண்ணெய் இறங்க ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகும், விறகுச் செலவு அதிகம். விலையும் ஏறி இறங்கும். ஆனால் செடி சாகாது. பயிர் பிழைக்குமா என்ற கவலையை விட்டுவிட்டு விலையை மட்டும் யோசிக்கலாம் என்பதே பெரிய நிம்மதி.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உயரமான பழைய சாக்கில் மணலும் கொஞ்சம் எருவும் நிரப்பி, நாலு தூர் வெட்டிவேர் நடுங்கள். ஒரு வருஷம் கழித்துச் சாக்கைக் கிழித்துக் குழாயடியில் அலசினால் வேர் அறுபடாமல் சடை மாதிரி வரும். பானைத் தண்ணீருக்கு ஒரு கொத்து, பீரோவுக்கு ஒரு கொத்து.

அடுத்தது நொச்சி. ஊதாக் கதிர்தான் ஆசை என்றால் நொச்சி பூக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நீலமும் ஊதாவும் கலந்த கதிர், சாம்பல் பூத்த இலை, கசக்கினால் மூக்கைத் திறக்கும் வாசம். பழைய காலத்தில் மதில் காத்த வீரர்கள் சூடிய பூ இது. அதனால்தான் கோட்டை காக்கும் திணைக்கே நொச்சி என்று பெயர். ஆடு கடிக்காது, குச்சியைக் குத்தினால் வேலி. தலையணையில் காய்ந்த நொச்சி இலை அடைத்துத் தலைபாரத்துக்கு வைத்தது நம் பாட்டிமார் வழக்கம். வெளிநாட்டில் லாவெண்டர் தலையணை விற்கிறார்கள், வேலை ஒன்றுதான். நெல், பயறு மூட்டையில் நொச்சி இலை போடுகிறோம். வேம்பு, எருக்கு, ஆடாதொடையோடு நொச்சியையும் இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்தால்தான் நம் பூச்சிவிரட்டியே. தமிழ்நாடு வேளாண்மைத் துறைகூட இப்போது ஆடாதொடை, நொச்சிக் கன்றுகளை உழவர்களுக்குக் கொடுக்கிறது. நாம் வேலியிலிருந்து வெட்டிப் போட்டதை அரசு கன்றாகக் கொடுக்கிறது.

இதோடு திருநீற்றுப்பச்சிலை, மரு, துளசி வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்கத் தேனீக்குப் பூ, வீட்டுக்கு வாசம். இதில் துளசியும் மருவும் திருநீற்றுப்பச்சிலையும் லாவெண்டருக்கு ஒரே குடும்பத்துப் பங்காளிகள். மரு மட்டும் மழைக்குக் கொஞ்சம் சுணங்கும், அதையும் கூரை ஓரம் வையுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

பதர்வாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் செடியை அல்ல, அந்த ஏற்பாட்டை. நம் இயக்கம் புதுச்சேரி அரசிடமும் தமிழ்நாட்டு அரசிடமும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். கடலூர், புதுச்சேரிக் கடலோரத்துக்குப் பொதுவாக ஒரு வடிகலன், எண்ணெய்த் தரம் பார்க்க ஓர் இடம், நல்ல ரக வெட்டிவேர்த் தூர் நியாய விலைக்கு. ஊதுபத்தியும் சோப்பும் செய்கிற ஊர் இது. ஆரோவில் பக்கமும் நகரத்திலும் வாசனைப் பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உழவரோடு உட்காரவைத்துப் பேச அரசுக்கு ஒரு நாள் போதும். ஏஜென்ட் கையில் ஆறு லட்சம் கொடுக்கத் துணிகிற நாம், பத்துப் பேர் சேர்ந்து ஒரு சின்ன வடிகலன் வாங்கவும் துணியலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்தால் கடனுக்கும் வழி இருக்கிறது. அந்தத் திட்ட அறிக்கையை எழுதித்தர நான் தயார். இந்தத் தடவை விலைக்கு நேரே சரியான எண்ணைப் போடுவேன்.

பொங்கலுக்கு மச்சினன் வந்திருந்தான். லாவெண்டர் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனவன், பாகூர் நிலத்து வேலிக்கு என்று முப்பது நொச்சிக் குச்சி வெட்டிக்கொண்டான். திண்ணையில் இருக்கும் அந்த ஒற்றை லாவெண்டரைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். நல்லாத்தான் இருக்கிறது. நான் எப்போது இல்லை என்றேன்?

சமவெளியில் லாவெண்டரை இரண்டு மழைக்காலம் தாண்டி வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள். என்ன வகை, என்ன மண், எப்படி மழைக்குத் தப்பியது என்று எழுதுங்கள். என் கருத்து தப்பென்றால் அடுத்த இதழிலேயே திருத்திக்கொள்கிறேன். அதுவரைக்கும் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.